நாலு அங்குலம் உயர்ந்த அலுவலகம்

மனிதகுலம் இதுவரை தொலைத்த பொருள்களுக்குக் கணக்கில்லை. குடை, சாவி, மூக்குக்கண்ணாடி, மானம், மரியாதை என்று பட்டியல் நீளும். ஆனால் அவையெல்லாம் முதலில் இருந்து, பிறகு தொலைந்தவை. அதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? என்றைக்குமே இல்லாத ஒரு பொருளை, அதுவும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்புப் பொருளை, அலுவலக நேரத்தில், முறைப்படி தொலைத்த பெருமை உலகத்திலேயே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் குடிநீர் வினியோக அலுவலகத்தின் பிக்கப் வண்டி ஓட்டுநர். அந்தப் பெருமையை அவருக்குத் தேடிக் கொடுத்த அலுவலகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஓட்டுநருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'நிதானம்'தான். வேக முள்ளை நாற்பதுக்கு மேல் போக விட்டதில்லை. முப்பது வருடத்தில் ஒரு கோழியை அடித்ததில்லை. அவர் கோப்பில் ஒரு மெமோ கிடையாது. ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது.

அந்த அலுவலகத்தின் நடைபாதைச் சுவரில் 'கறை படியாதோர்' என்று ஒரு பலகை உண்டு. மெமோ வாங்காமல் ஓய்வு பெறுகிறவர்களின் படம் அதன்கீழ் மாட்டப்படும். இதுவரை இரண்டு படங்கள். ஒருவர் இருபத்தைந்து வருடப் பணியில் இருபத்திரண்டு வருடம் விடுப்பில் இருந்தவர். இன்னொருவரின் கோப்பைக் கரையான் தின்றுவிட்டதால், அதில் கறை இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேலைக்கு வந்து, கோப்பும் முழுதாக இருந்து, மாட்டப்படப்போகும் முதல் படம் நிதானத்தினுடையது. மூன்றாவது ஆணியை ஏற்கெனவே அடித்துவிட்டார்கள். நிதானம் தினமும் காலையில் அந்த ஆணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுப்பார். இளநீல நிறச் சட்டையில் படம் எடுத்தாகிவிட்டது. சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் அவர் மனைவி. சட்டமிட்ட படம் வீட்டுப் பீரோவின் மேல் செய்தித்தாள் சுற்றிக் காத்திருந்தது.

இந்த நேரத்தில்தான் அதிகாரி மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பயிற்சியின் பெயர் 'உயரத்திலிருந்து பார்'. அங்கே வந்திருந்த அதிகாரிகள் அனைவரையும் நாற்காலிமேல் ஏறி நிற்கச் சொன்னார்களாம். ஏறி நின்றதும் வாழ்க்கைப் பிரச்சினைகள் எல்லாம் சிறிதாகத் தெரிந்தனவாம். ஒருவர் மட்டும் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பார்வை போதவில்லை என்று பயிற்சியாளர் விளக்கினார்.

திரும்பி வந்த அதிகாரி தன் மேசைக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். அதற்கு ஈடாக நாற்காலியை உயர்த்தினார். கால் தரைக்கு எட்டவில்லை என்பதைப் பொருட்படுத்தவில்லை. அறையில் உயர்த்த வேறொன்றும் மிஞ்சாதபோது, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே பிக்கப் நின்றுகொண்டிருந்தது, தாழ்வாக.

வண்டியின் சஸ்பென்ஷனை நாலு அங்குலம் உயர்த்த 'லிஃப்ட் கிட்' என்ற உதிரிபாகத் தொகுப்பு ஒன்றை வாங்குவது என்று சுற்றறிக்கை வந்தது. சஸ்பென்ஷன் என்ற சொல்லைப் பார்த்ததும் அலுவலகத்தில் பாதிப்பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்புத்தான் என்று தெரிந்த பிறகே தேநீர் தொண்டையில் இறங்கியது. அந்த வார்த்தையை வைத்துச் செய்யக்கூடிய வேடிக்கைகளை எல்லாம் அவர்களே அன்று மாலைக்குள் செய்து முடித்துவிட்டதால், நாம் மேலே போகலாம்.

மூன்று பேர் கொண்ட 'உயர்வுக் குழு' கூடியது. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், அவரை எல்லோரும் பதிவேட்டம்மா என்றே அழைப்பார்கள், விலைப்புத்தகத்தைப் படித்தார்.

"சார், ரெண்டு தினுசு இருக்கு. டூ வீல் டிரைவ் வண்டிக்கு ஒண்ணு, ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஒண்ணு."

"நம்ம வண்டிக்கு எத்தனை சக்கரம்?" என்றார் அதிகாரி.

யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. பொறுப்புள்ள குழு அது. நேரில் போய்ப் பார்த்தார்கள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று எண்ணி, மறுபடி வலப்பக்கத்திலிருந்து தொடங்கி எண்ணிச் சரிபார்த்தார்கள். விடை மாறவில்லை. ஸ்டெப்னியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது.

நிதானத்துக்கு மனசு கேட்கவில்லை. "சார், நம்ம வண்டிக்குப் பின்சக்கரம் ரெண்டுக்குத்தான் இன்ஜின் சக்தி போகுது. முன்சக்கரம் சும்மா கூட உருளும். அதனால இது டூ வீல் டிரைவ்ங்க."

"சும்மா உருளுதா? நம்ம ஆபீஸ்ல எதுவும் சும்மா உருளக் கூடாது" என்றார் அதிகாரி. "நாலு கிடைக்கும்போது ரெண்டு போதும்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் தாழ்ந்த பார்வை. முப்பது வருஷம் அந்தத் தாழ்வான சீட்லயே உக்காந்துட்டீங்க. உங்க மேல தப்பில்லை."

நிதானம் வாயை மூடிக்கொண்டார். நாற்பது நாள். சுவரில் ஆணி. ஊமை கண்ட கனவு மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். குழு நாலு சக்கரக் கிட்டை 'இவ்வண்டிக்கு முற்றிலும் பொருத்தமானது' என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். நாலாவதாக அதிகாரி கையெழுத்திட்டார். அவர் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் அல்லர். படிப்பது கீழே இருப்பவர்களின் வேலை. தன்னுடையது உயரத்திலிருந்து பார்ப்பது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

கிட் பெரிய பெட்டியில் வந்தது. பெட்டியின்மேல் ஒரு வண்டி பனிமலை உச்சியில் நிற்கும் படம். பட்டறையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதிகாரி புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் பரப்பினார். அவர் நிதானத்துக்கு இருபது வருடப் பழக்கம்.

"அண்ணே, இது உங்க வண்டிக்கு இல்லை."

"எனக்குத் தெரியும். குழுவுக்குத் தெரியலை. நீங்க சொல்லிப் பாருங்க."

மெக்கானிக் அதிகாரியிடம் போய் விளக்கமாகவே சொன்னார். "சார், உங்க வண்டியில முன்சக்கரம் முன்னால போகும். பார்க்க எடுப்பா இருக்கும். திருப்பின பக்கம் திரும்பும். ஆனா வண்டியை ஒரு அங்குலம் இழுக்காது. அழுக்குல கிடந்து தள்றதெல்லாம் பின்சக்கரம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில முன்னாடி, சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்க, டிஃபரன்ஷியல்னு ஒரு இரும்புப் பல்சக்கரப் பெட்டி இருக்கும், பூசணிக்காய் அளவுக்கு. அந்தக் கனத்தைத் தாங்குற மாதிரி ஸ்பிரிங் குடுத்திருக்கான். உங்களுக்கு அந்தக் கனம் கிடையாது. மாட்டினா வண்டி மூக்கைத் தூக்கிக்கும்."

"தூக்கணும். அதுக்குத்தானே வாங்கியிருக்கு" என்றார் அதிகாரி, கேமராவைப் பார்த்தபடி. அவர் காதில் விழுந்தது 'தூக்கிக்கும்' ஒன்றுதான்.

வண்டி உயர்ந்தது. மெக்கானிக் சொன்னபடியே மூக்கு கூடுதலாக உயர்ந்தது. இருக்கையில் உட்கார்ந்தால் நிதானத்துக்குச் சாலை தெரியவில்லை. மரக்கிளைகளும் மின்கம்பிகளும் நன்றாகத் தெரிந்தன. இரண்டு மெத்தைகளை அடுக்கி உட்கார்ந்து, எட்டிப் பார்த்துக்கொண்டு, இருபதில் ஓட்டினார். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டால் வெளிச்சம் மாடி வீடுகளுக்குள் போனது. குழாய் வால்வு திறக்கப் போகிற தொழிலாளர்களால் பின்னால் ஏற முடியவில்லை. ஏறுவதற்கு ஒரு முக்காலி வாங்கப்பட்டது. அந்த முக்காலியை வண்டியில் ஏற்றி இறக்க ஒருவர் நியமிக்கப்பட்டார். இப்படி ஒரே கிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பும் கிடைத்தது.

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் கிட்டில் இரண்டு இரும்புத் தாங்கிகளும் ஆறு போல்ட்டுகளும் மிஞ்சிவிட்டன. முன் டிஃபரன்ஷியலைச் சற்றே கீழிறக்கிப் பிடிப்பதற்கான தாங்கிகள் அவை. மெக்கானிக் ஒளிவுமறைவு இல்லாதவர். வேலைச் சீட்டில் எழுதினார்: 'தாங்கி இரண்டு, போல்ட் ஆறு மாட்டப்படவில்லை. முன் டிஃபரன்ஷியல் வண்டியில் இல்லை.'

அந்தச் சீட்டு அலுவலகத்தில் ஒன்பது மேசைகளைத் தாண்டி அதிகாரியிடம் வந்து சேர்வதற்குள் முழு வளர்ச்சி அடைந்திருந்தது. நிதானத்தின் பெயரில், அதாவது அவருடைய பெற்றோர் வைத்த பெயரில், ஒரு கடிதம் தயாரானது:

'மேற்படி கிட் மேற்படி வண்டிக்கு முற்றிலும் பொருத்தமானது எனக் குழு சான்றளித்துள்ளது. கிட்டில் முன் டிஃபரன்ஷியலுக்கான தாங்கிகள் உள்ளன. ஆகவே வண்டியில் முன் டிஃபரன்ஷியல் இருந்தது உறுதியாகிறது. தற்போது அது இல்லை. வண்டி தங்கள் பொறுப்பில் உள்ளது. மேற்படி பொருள் எங்கே என்பதற்கு ஏழு நாள்களுக்குள் விளக்கம் தரவும். விசாரணை முடியும்வரை தங்கள் படம் மாட்டப்படமாட்டாது.'

இந்தக் கடிதத்தின் அறிவுத்திறனை வியக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. இடறி விழுவது நிதானம் ஒருவர்தான்.

அவர் கடிதத்தோடு அதிகாரியின் அறைக்கு ஓடினார். அவர் ஓடுவதை அந்த அலுவலகம் முதல்முறையாகப் பார்த்தது.

"சார், அது இருந்ததே இல்லை சார். வாங்க, காட்டுறேன்."

இருவரும் வண்டிக்குப் போனார்கள். முன்பெல்லாம் அடியில் பார்க்க வேண்டுமானால் படுத்துக்கொள்ள வேண்டும். இப்போது லேசாகக் குனிந்தால் போதும். உயர்வின் பயன் அதுதான்.

"நல்லாப் பாருங்க சார். அங்கே ஒண்ணுமே இல்லை."

அதிகாரி நன்றாகப் பார்த்தார். "அதைத்தான் நாங்களும் சொல்றோம். அங்கே ஒண்ணுமே இல்லை" என்றார். "நீங்களே ஒத்துக்கிட்டது நல்லதாப் போச்சு."

அன்று இரவு வீட்டில் நிதானம் கடிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏங்க, அது எவ்வளவு பெருசு இருக்கும்?"

"பூசணிக்காய் அளவு."

"அவ்வளவு பெருசை நீங்க வீட்டுக்குக் கொண்டு வந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்று சொல்லிவிட்டு, அவர் கை கழுவப் போன நேரத்தில் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். சந்தேகத்தால் அல்ல. கடிதம் அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தது.

"எடுக்காத மனுஷனுக்கு என்ன பயம்?" என்றார் பிறகு.

"எடுத்திருந்தா பயமே இல்லையே. திருப்பிக் குடுத்துட்டுப் போயிடலாம். எடுக்காததை எங்கேருந்து குடுக்கிறது?" அவர் கடிதத்தை நாலாக மடித்தார். "முப்பது வருஷம்மா. ஒரு ஆணிக்காகத்தான் இப்படி ஓட்டினேன்னு நினைக்காதே. ஆனா அந்த ஆணியைப் பார்க்கும்போது, சரியாத்தான் ஓட்டியிருக்கோம்னு தோணும்."

மனைவி பீரோ மேலிருந்த படத்தை எடுத்து, தூசி தட்டி, மறுபடி சுற்றி வைத்தார்.

மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "அண்ணே, பழைய இரும்புக் கடையில ஒரு டிஃபரன்ஷியல் பிடிச்சுக் கொண்டு வந்து மேசைமேல வெச்சுடுவோமா?"

"குடுத்தா திருடன்னு ஆயிடும். குடுக்கலைன்னா தொலைச்சவன். தொலைச்சவனாவே இருந்துட்டுப் போறேன்."

விசாரணை நடந்தது. விசாரித்தவர்கள் அதே மூன்று பேர். விஷயம் தெரிந்தவர்கள் விசாரிப்பதே முறை என்று அதிகாரி கருதினார். மெக்கானிக் சாட்சியாக வந்து, கிட்டின் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இந்தப் பெட்டிக்குள்ள தாங்கி இருக்கிறதால வண்டியில டிஃபரன்ஷியல் இருந்ததுங்கறீங்க. பெட்டிமேல ஒரு மலையும் போட்டிருக்கு. ஆபீஸ் வாசல்ல மலை இருந்ததா? அதையும் எங்க அண்ணன்தான் எடுத்துக்கிட்டுப் போனாரா?"

குழு சிறிது நேரம் கலந்து பேசியது. மலை குறித்துப் பின்னர் தனியாக விசாரிக்கலாம் என்று குறிப்பில் எழுதப்பட்டது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்காதீங்க" என்றார் அதிகாரி நிதானத்திடம். அந்தப் பழமொழி அவ்வளவு அளவெடுத்துப் பொருந்திய சந்தர்ப்பம் அதற்கு முன்பு இருந்திருக்காது. பூசணிக்காய்தான் இல்லை.

முடிவெடுப்பதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. காணாமல் போனவற்றைக் குறிக்கும் பதிவேட்டில் ஒரு பொருளை ஏற்ற வேண்டுமானால், அது முதலில் இருப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வண்டியின் இருப்புப் பட்டியலில் பதின்மூன்று இனங்கள்தான் இருந்தன: ஜாக்கி, ஸ்பானர், தார்ப்பாய், முக்காலி என்று. பதிவேட்டம்மா எழுந்து கேட்டார்.

"அப்ப டிஃபரன்ஷியலை முதல்ல இருக்குன்னு எழுதட்டுமா சார்? இருந்தாத்தானே காணோம்னு எழுதலாம்."

"எழுதுங்க" என்றார் அதிகாரி. பதினாலாவது வரியாக 'முன் டிஃபரன்ஷியல் – ஒன்று' என்று முத்து முத்தான எழுத்தில் ஏறியது. அதிகாரி கையெழுத்திட்டார். அதைக் காணோம் என்று எழுத வேண்டிய இன்னொரு பதிவேடு தீர்ந்துபோயிருந்தது. புதிது கேட்டு எழுதினார்கள். அது வரவில்லை, நாற்பது நாளும் ஓடிவிட்டது.

நிதானத்தின் கடைசி நாள். வண்டியை ஒப்படைக்க வேண்டும். புது ஓட்டுநர் இன்னும் நியமிக்கப்படாததால், பொறுப்பை அதிகாரியே ஏற்றுக்கொள்வதாக ஏற்பாடு. பதிவேட்டம்மா இருப்புப் பட்டியலைப் பார்த்து ஒப்படைப்புச் சீட்டு தயாரித்திருந்தார். உள்ளதை உள்ளபடி பார்த்தெழுதுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

நிதானம் சீட்டைப் படித்தார். பதினாலாவது வரியில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து பதிவேட்டம்மாவைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக எதையோ உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசாமல் நீட்டியிருக்கலாம். ஆனால் முப்பது வருடப் பழக்கம் போகுமா? "சார், படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்றார் நிதானம். "அந்தப் பதினாலாவதை மட்டுமாவது கொஞ்சம் பாருங்க."

அதிகாரிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. கடைசி நாளில் எல்லோர்மீதும் அன்பு சுரப்பது இயல்பு. "முப்பது வருஷம் உழைச்ச மனுஷரைக் கடைசி நாள்ல வரி வரியா சந்தேகப்படறதா? நான் அவ்வளவு தாழ்ந்து பார்க்கிறவன் இல்லை" என்று சொல்லி, 'மேற்கண்ட பதினாலு பொருள்களையும் நேரில் பார்த்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பதன் கீழே பெரிதாகக் கையெழுத்திட்டார்.

மசி காய்வதற்குள் பதிவேட்டம்மா கோப்பை முடித்துவிட்டார்: 'பொருள் நல்ல நிலையில் அதிகாரியிடம் உள்ளதால், தொலைந்ததாகக் கூறியது தவறு. விசாரணை கைவிடப்படுகிறது.' மாலை நாலு மணிக்கு மூன்றாவது ஆணியில் இளநீலச் சட்டை ஏறியது. மனைவி வந்து படம் கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். கோணல்தான். யாரும் அதைத் திருத்தவில்லை. நிதானம் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

அடுத்த மாதம் தணிக்கை. வந்தவர் கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத ஒரு பெண்மணி. அவர் கையில் ஒப்படைப்புச் சீட்டு இருந்தது. ஜாக்கி, ஸ்பானர், தார்ப்பாய், முக்காலி என்று டிக் அடித்துக்கொண்டு வந்து, பதினாலில் நின்றார்.

"இது எங்கே?"

அதிகாரி வண்டிக்கு அழைத்துப் போனார். "மேடம், லேசா குனிஞ்சாப் போதும், பாருங்க. அங்கே ஒண்ணுமே இல்லை. இருந்ததே இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன். அங்கே ஒண்ணுமே இல்லை" என்றார் தணிக்கை அம்மாள்.

அதிகாரி உடனே மெக்கானிக்கையும், ஓய்வில் இருந்த நிதானத்தையும் வரவழைத்தார். அதிகாரி தன் பயிற்சிச் சான்றிதழை எடுத்துவர உள்ளே போயிருந்தபோது, மெக்கானிக் தணிக்கை அம்மாளுக்கு எல்லாவற்றையும் சொன்னார்: எந்தச் சக்கரம் தள்ளும், எது எடுப்பாக முன்னால் மட்டும் போகும், இழுக்கவே இழுக்காது என்று. அந்த அம்மாள் மிஞ்சிப்போன தாங்கிகளையும் போல்ட்டுகளையும் கேட்டு வாங்கி, எண்ணி எழுதிக்கொண்டார்.

அதிகாரி சான்றிதழோடு திரும்பியபோது நிதானம் இளநீலச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க, அது இருந்துச்சா?" என்றார் அதிகாரி. குரல் கெஞ்சியது.

"இல்லைம்மா. என்னைக்குமே இருந்ததில்லை" என்றார் நிதானம் தணிக்கை அம்மாளிடம். "சார் தொலைக்கலை. அவர்மேல பழி போடாதீங்க. அந்தப் பழி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"சரி. இவர் இந்த ஆபீஸ்ல என்ன செய்யறார்? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

நிதானம் நிதானமாக யோசித்தார். அவர் பொய் சொல்லிப் பழகியவர் அல்லர்.

"எங்க ஆபீஸோட முன்சக்கரம்மா அவர்" என்றார்.

மெக்கானிக் அவசரமாக வண்டியின் பின்பக்கம் போய் எதையோ சரிபார்த்தார். பதிவேட்டம்மாவுக்கு இருமல் வந்தது. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடப் பணியாளர் ஒருவர் வாயால் இப்படி ஒரு பாராட்டு அவருக்குக் கிடைத்ததே இல்லை.

"எழுதிக்குங்க மேடம்" என்றார், சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "அவர் சொன்னதை அப்படியே அறிக்கையில சேர்த்துக்குங்க."

தணிக்கை அம்மாள் சேர்த்துக்கொண்டார். 'மாட்டியும் பயன்படாதவை, மாட்டாமலே மிஞ்சியவை' என்ற தலைப்பின் கீழ் அந்த அறிக்கை இன்றும் இருக்கிறது: தாங்கி இரண்டு, போல்ட் ஆறு, அதிகாரி ஒன்று.